ஏழும் நாலும்

முதல் முறை கேட்டபோது
தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டேன்.
பதினாறு நிமிஷப் பாட்டு.
பல்லவி என்று நம்பி நான் பிடித்த கிளை
திரும்பி வரவே இல்லை.

முதஸ்ஸிர் தந்தது. பேரணாம்பட்டுப் பையன்,
எங்கள் ஸ்கேன் பிரிவில் இரவு முறை.
வீட்டில் தோல் வியாபாரம்.
மாடியில் இரட்டைப் பெடல் டிரம் செட்,
சத்தம் கீழே இறங்காமலிருக்கச்
சுவரெல்லாம் பழைய மெத்தை.
"ஏழு தடவ கேளுங்க மேடம்,
அப்புறம் திட்டுங்க."

ஐந்தாவது தடவை
காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பஸ்ஸில்,
கிரீன் சர்க்கிள் நெரிசலில்,
இரண்டு கிதார்களுக்கு நடுவே
பாடிக்கொண்டிருந்தவன் சிரித்தான்.
பாட்டை அப்படியே போட்டுவிட்டு
கூண்டில் நிற்கும் குற்றவாளியாய்க் கெஞ்சினான்.
மறு நொடி நீதிபதியாகி இருமினான்.
பிறகு யாரோ ஒருத்தியின் குரலில்
யாரையோ வீட்டுக்குக் கூப்பிட்டான்.
எல்லாம் ஒரே தொண்டை.
பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா
என் கையில் மயிர் குத்திட்டு நிற்பதைப் பார்த்து
ஜன்னலைச் சாத்தினார்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில்
காளையும் யானையும்
ஒரே தலையைப் பங்குபோட்டு நிற்கும் சிற்பம் உண்டு.
உள்ளங்கையால் ஒரு உடம்பை மறைத்தால்
மற்றது மிஞ்சும்.
இங்கேயும் அப்படித்தான்.
டிரம் ஏழாய் நடக்கிறது, அது காளை.
கிதார் நாலாய் நடக்கிறது, அது யானை.
தொலைந்தோம் என்று
நான் தொடையில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே வர
இருபத்தெட்டு முடிந்ததும்
ஒரே தலை.
அந்த ஒரு தட்டுக்காக மீதி இருபத்தேழையும்
பொறுத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன்.
இப்போது அந்த இருபத்தேழுதான் வேண்டியிருக்கிறது.

என் வேலையில் எனக்கு வசனம் குறைவு.
மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.
தமிழில், தெலுங்கில், இந்தியில்,
மால்டாவிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்தவர்களுக்கு
அரைகுறை வங்காளத்தில்.
எந்த மொழியிலும் ஒரே குரல்,
இஸ்திரி போட்ட குரல்.
திரையில் வெள்ளையாய் ஏதாவது தெரியும்.
கண்ணாடிக்கு அப்பால் படுத்திருப்பவருக்கு முன்பே,
வெளியே பெஞ்சில் சாப்பாட்டுப் பையோடு
காத்திருக்கும் மனைவிக்கு முன்பே,
எனக்குத் தெரியும்.
"டாக்டர் சொல்வார்" என்பேன்.
அழவேண்டிய இடத்தில் அழுது
ஆத்திரத்தில் கத்தி
அதே மூச்சில் கோமாளியாகிவிடுகிற ஒருவன்
இந்த உலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இருக்கிறான்
என்பதே
எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

போன வியாழன், ராத்திரி இரண்டரை.
செய்யாற்றுப் பக்கத்து லாரி டிரைவர், ஏகாம்பரம்,
முதுகுத்தண்டு.
நாற்பது நிமிஷம் அந்தக் குழாய்க்குள்
டக டக டக, டங்ங், டக டக.
வெளியே இழுத்ததும் காதுப் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்:
"இன்னாம்மா, மேளம் மட்டும் அடிச்சினே கீறீங்க.
வேஷக்காரன் எப்ப வருவான்?"

முதஸ்ஸிர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
அவர் முதுகில் நான் பார்த்தது
திரையில் அப்படியே இருந்தது.

அவரைத் தள்ளிக்கொண்டு போனபின்
கதவைச் சாத்தினேன்.
காந்தத்தைக் குளிரவைக்கும் பம்ப் மட்டும்
விடாமல் குருவிபோல் கீச்சிட்டது.
அந்த ஆள் பதினோராவது நிமிஷத்தில் போடுகிற
கூச்சலைப் போட்டுப் பார்த்தேன்,
முழுசாய், அடிவயிற்றிலிருந்து.
பாதி இருமலாய் வந்தது.

"மேடம்," என்றான் முதஸ்ஸிர்,
மேஜையில் இரண்டு விரலால் எண்ணிக்கொண்டே,
"ஒரு தட்டு முன்னாடியே வந்துட்டீங்க.
மறுபடி."